முப்பது கிலோ காற்று

காற்றுக்கு எடை உண்டு என்று சொன்னால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் சிரிப்பார்கள். ஒரு லயத்துக் காம்பராவுக்குள் இருக்கும் காற்றை அள்ளித் தராசில் வைத்தால் முப்பது கிலோ வரும், நிறைந்த கொழுந்துச் சாக்கின் கனம் என்று நான் சொல்வேன். வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பிறகு அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் காட்டுவேன். சிரிப்பு அடங்கிவிடும். அந்த அடங்கல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாத்தியார் வேலையில் கிடைக்கும் சின்னப் பெருமைகளில் அது ஒன்று.

அந்த முப்பது கிலோவை வைத்துத்தான் என் வாழ்க்கையின் மிக மோசமான கணக்கைப் போட்டேன். பெருக்கலில் பிழை இல்லை, வகுத்தலில் பிழை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெருக்கலும் வகுத்தலும் சரி என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்துக்கு மேல் என்னை நான் காப்பாற்றிக்கொண்டேன்.

நமுனுகுல மலைப்பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அதே தோட்டத்துக்கு மேலே இருக்கும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். இதை யாரும் மறந்துவிடாமல் நானும் பார்த்துக்கொண்டேன். குடியிருப்பு இன்னமும் தோட்டத்து வரிசை வீடான அதே லயம்தான். முன்னே ஒரு காம்பரா, பின்னே ஒரு காம்பரா, அதற்கும் பின்னே தகரச் சாய்ப்பில் குசினி.

எங்கள் மகள் ஏழரை மாதத்தில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டுப் பஸ் பிடித்துப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தச் சின்ன விலா எலும்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்டியில் வெப்பநிலை சிவப்பு எழுத்தில் ஓடும். அந்த எண் அசையாமல் நின்றால் எனக்கு உயிர் வரும். மூடிய பெட்டி, உள்ளே அளவான சூடு, பிள்ளை பிழைத்துக்கொள்கிறது என்று என் புத்திக்கு எட்டியபடி விளங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு விடும் நாளில் வார்டிலிருந்த தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நீங்க மேல குளிர்ப் பக்கம் தானே? புள்ளைக்கு இன்னும் உடம்புல கொழுப்பு ஏறல்ல. குளிர் பட விட்றாதீங்க. புள்ள இருக்கிற ரூம் இருபத்தாறு டிகிரியாவது இருக்கணும்."

அப்போது மார்கழி. மத்தியானத்திலேயே பனிமூட்டம் வாசலுக்கு வந்துவிடும் காலம். எங்கள் பின்காம்பராவில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பதினான்கு.

பிரசவத்துக்குத் துணையாகக் கொஸ்லந்தையிலிருந்து மாமியார் வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த கை. அதிகம் பேசமாட்டார். வெப்பமானியை நான் முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு ஏன் மாப்பிள இவ்வளவு யோசன? ஒரு சட்டி கரி வச்சா முடிஞ்சிச்சு. நாலு புள்ளைக்கும் நான் அப்பிடித்தான் வச்சேன்."

எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற காம்பராவில் கரிச்சட்டி வைப்பது வழக்கம். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை மிலாறு என்போம். அதை எரித்துத் தணலாக்கி, பழைய இரும்புச் சட்டியில் போட்டு, தாயும் பிள்ளையும் படுத்திருக்கும் மூலைக்குத் தள்ளி வைப்பார்கள். நானும் அப்படிப்பட்ட சட்டிச் சூட்டில் வளர்ந்தவன்தான்.

"அதெல்லாம் வேணாம் மாமி. புகை. புள்ளைக்கு ஆகாது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கரி எரியும்போது கண்ணுக்குத் தெரியாத, மணம் இல்லாத ஒரு வாயு வரும், அது இரத்தத்தில் ஏறினால் மூச்சு இருந்தும் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் படம் வரைந்து விளக்குவேன். வீட்டில் ஒரு வயதான மனுஷிக்கு அதை விளக்குவது எனக்கு வீண்வேலையாகப் பட்டது. புகை என்று சொன்னால் போதும், அவருக்கு அது புரியும் என்று நினைத்தேன். என் மேல் எனக்குக் கோபம் வருகிற இடங்களில் இது முதலாவது.

பெரிய மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் லயத்து வயர் என் அப்பா காலத்தது. கேத்தலையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே நேரத்தில் போட்டால் ட்ரிப் விழும். ஆகவே எனக்கு வேண்டியது, எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அந்தக் காம்பராவைச் சூடாக்கலாம் என்ற எண். பள்ளிக்கூடத்தில் ஒரு வெற்றுப் பாடவேளையில், திருத்திய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அதைப் போட்டேன்.

பன்னிரண்டடிக்குப் பத்தடி, எட்டரை அடி உயரம். இருபத்தெட்டுக் கன மீற்றருக்குக் கொஞ்சம் கூட. எங்கள் மலை உயரத்தில் காற்று சற்று லேசு, ஆகவே ஏறத்தாழ முப்பது கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு பாகை சூடாக்க ஆயிரம் யூல். பதினான்கிலிருந்து இருபத்தாறுக்குப் பன்னிரண்டு பாகை. முப்பதை ஆயிரத்தாலும் பன்னிரண்டாலும் பெருக்கினால் மூன்று இலட்சத்து அறுபதாயிரம் யூல். அதைக் கால் மணி நேரத்தில், அதாவது தொள்ளாயிரம் வினாடியில் கொடுக்க வேண்டுமென்றால் வேண்டிய வலு நானூறு வாட்.

நானூறு! கேத்தலில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பக்கத்து மேசையிலிருந்த தமிழ் ஆசிரியையிடம் தாளை நீட்டிக் காட்டினேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

பண்டாரவளையில் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் பல்புகள் விற்பார்கள். இருநூற்றைம்பது வாட்டில் இரண்டு வாங்கினேன். நூறு வாட் மிச்சத்துக்கு இருக்கட்டும் என்று பெருந்தன்மை வேறு. கம்பிவலை கட்டி, பிள்ளைக்குத் தூரமாகச் சுவரில் பொருத்தினேன். காம்பரா முழுக்கச் சிவந்துபோனது. லயத்தில் சும்மா இருப்பார்களா? "மாஸ்டர் வீட்டுல அடைவச்சிருக்காங்க, எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்று தண்ணீர்ப் பீலியடியில் பெண்கள் கேலி செய்தார்கள். மனைவிகூடப் படுத்துக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்த கடைசி நாட்கள் அவை.

கால் மணி நேரம் கழித்து வெப்பமானியைப் பார்த்தேன். பதினேழு. அரை மணியில் பதினெட்டு. ஒரு மணி நேரத்தில் பதினெட்டு. இரண்டு மணி நேரத்திலும் பதினெட்டு.

வெப்பமானியைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் ஏறியது. கணக்கைத் திரும்பப் போட்டேன், நானூறுதான் வந்தது. பிள்ளையின் பாதம் குளிர்ந்திருந்தது. மனைவி அதைத் தன் உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்தது பயமா, அவமானமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் வந்தன என்பதே உண்மை.

இன்றைக்கு எனக்குத் தெரியும். என் கணக்கு காற்றைச் சூடாக்குவதற்கு மட்டும் ஆன கணக்கு. காற்று சூடானது. சூடான உடனே அந்தச் சூடு கூரைத் தகரத்தையும் கல்சுவரையும் தொட்டது. அவை அதை வாங்கி வெளிப்பனிக்குக் கொடுத்தன. தகரத்தின் வழியே காற்று போகாது, ஆனால் சூடு தாராளமாகப் போகும். நான் கொடுத்த ஐநூறு வாட்டும் நாலு பாகை உயர்ந்த இடத்திலேயே அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. இருபத்தாறில் நிறுத்த வேண்டுமென்றால் போகும் சூட்டைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும், ஆயிரத்தைந்நூறு வாட்டாவது வேண்டியிருக்கும். இதைக்கூட நான் வகுப்பில் படிப்பிப்பவன்தான். ஆனால் அன்று என் கண் வேறு எங்கோ போனது.

சந்துகளில் போனது. லயத்துச் சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி நீளத்துக்கும் இருக்கும். தகரத்தின் நெளிவு ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஓட்டை. கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. நான் கணக்குப் போட்டது மூடிய அறைக்கு, இதுவோ மூடிய அறை இல்லை. அறைதான் பிழை என்று முடிவு கட்டினேன். கணக்குக்கு ஏற்றபடி அறையைத் திருத்தக் கிளம்பினேன்.

இரண்டு நாள் ஏணியில் நின்றேன். டிவி பெட்டிக்குள் வருமே, வெள்ளை ரெஜிபோம், அதை நெளிவுக்கு நெளிவு வெட்டிச் செருகினேன். மிஞ்சிய இடுக்குகளுக்கு டின்னில் அடைத்து வரும் நுரை பீய்ச்சினேன். அது ஊதிப் பெருத்து, காய்ந்து, கல்லாக இறுகியது. யன்னல் ஓரத்துக்கு நாடா. கதவுக்கு அடியில் உரப்பையைச் சுருட்டி வைத்தேன். வேலை முடிந்ததும் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திச் சுவரோரமாக ஒவ்வோர் அடியாகப் பிடித்துப் பார்த்தேன். சுடர் அசையவில்லை. அந்த அசையாத சுடரைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

வெப்பமானி இருபதுக்கு ஏறியது. அங்கேயே நின்றது.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வை. விட்டுவர முடியவில்லை. காலையில் கிளம்பும்போது மனைவியிடம், "இன்னும் ரெண்டு பல்பு கொண்டுவாறேன், கொஞ்சம் பொறு" என்றேன். அன்று மழைத்தூறலும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் காம்பரா பதினெட்டுக்கு இறங்கியிருக்கிறது. பிள்ளை பால் குடிக்காமல் சுருண்டிருக்கிறாள். மனைவி பயந்துபோய்த் தாயைக் கூப்பிட்டிருக்கிறாள். மாமியார் குசினிக்குப் பின்னால் மிலாறு மூட்டி, தணலைச் சட்டியில் அள்ளி, காம்பராவுக்குள் கொண்டுவந்து வைத்து, குளிர் ஏறாமலிருக்கக் கதவைச் சாத்தி, உரப்பையை நான் வைத்திருந்தபடியே வெளியிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, மகளுக்குப் பிரசவ மருந்துச் சரக்கு அரைக்கக் குசினிக்குப் போயிருக்கிறார்.

நான் இரண்டரைக்கு வந்தேன். குசினியில் அம்மி ஓடும் சத்தம் கேட்டது. பின்காம்பராவின் கதவைத் தள்ளினேன். உள்ளே வெதுவெதுப்பு முகத்தில் பட்டது. நம்பமாட்டீர்கள், நான் முதலில் பார்த்தது வெப்பமானியைத்தான். இருபத்தாறு.

பிறகுதான் மனைவியைப் பார்த்தேன். பாய்க்கு வெளியே பாதி உடம்பு தரையில் கிடந்தது. வாந்தி எடுத்திருந்தாள். கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. பிள்ளை துணிச்சுருளுக்குள் கன்னம் சிவந்து, பிறந்த நாளிலிருந்து இல்லாத ஆரோக்கியத்தோடு கிடந்தாள். தூக்கினேன். கை, கால், கழுத்து எல்லாம் தொய்ந்து விழுந்தன.

கத்தினேன் என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை. பிள்ளையை வாசலில் நின்றிருந்த யாரோ ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு மனைவியை இழுத்து வெளியே போட்டேன். லயத்து ஆட்கள் ஆட்டோ பிடித்து வந்தார்கள். ஆட்டோவில் பனிக்காற்று முகத்தில் அடிக்க அடிக்க, வளைவுக்கு வளைவு பிள்ளையின் வாயில் காதை வைத்துக்கொண்டு போனேன். மூச்சு இருந்தது. ஒரு வளைவில் அது இல்லை என்று நினைத்தேன். அந்த வளைவை இன்றைக்கும் பஸ்ஸில் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். மனைவி மாலைக்குள் பேசினாள். பிள்ளை மறுநாள் விடியும்போது அழுதாள். நான் அந்த அழுகைக்குக் கைகூப்பினேன்.

ஒட்சிசன் வைக்கும்போதே டாக்டர் கேட்டார், உள்ளே என்ன எரித்தீர்கள் என்று. இளம் டாக்டர். தமிழ் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. பின்னால் மாமியார் நனைந்த சேலையோடு நின்றிருந்தார். அடுத்த ஆட்டோவில் வந்திருந்தார்.

நான் சொன்னேன்: "மாமியார் கரிச்சட்டி வச்சிட்டாங்க டாக்டர். நான் வேணாம்னு சொல்லியிருந்தேன்."

இரண்டு வசனமும் உண்மை. டாக்டர் மாமியாரைப் பார்த்து ஏசினார். படிக்காத ஆட்கள் செய்யும் வேலை, பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களே என்றார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஓரடி தூரத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. காம்பரா எவ்வளவு காற்றோட்டமானது என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் மிக நிதானமாகச் சொன்னது.

அது மட்டுமென்றால் பயம், பதற்றம் என்று என்னை நானே மன்னித்திருப்பேன். மூன்றாம் நாள், உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவன், ஏணியை வைத்து ஏறி, ரெஜிபோம் துண்டுகள் அத்தனையையும் பிடுங்கினேன். இறுகிய நுரையைக் கத்தியால் செதுக்கினேன். எல்லாவற்றையும் உரப்பையில் போட்டுக் கட்டி, குப்பைக் குழியில் தள்ளிப் புதைத்தேன். மறுநாள், வீடு வீடாகத் தாய் பிள்ளைகளைப் பார்க்க வரும் குடும்பநல மிஸ் வந்து காம்பராவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சந்து இருந்தும் இப்பிடி ஆகியிருக்கே" என்று ஆச்சரியப்பட்டார். ஆமாங்க மிஸ் என்றேன்.

ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியை அந்த நாட்களில்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு சின்ன விசிறி, அறைக்காற்றை இழுத்து வடிகட்டிச் சூடாக்கி உள்ளே விட்டுக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கத்தால் பழைய காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரம் தினமும் நின்று பார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தாயிடம், "நீ ஊருக்குப் போ. உன் முகத்தைப் பார்க்க முடியல்ல" என்றாள். மாமியார் ஒரு பையோடு பஸ் ஏறினார். பெயர் வைக்கும் நாளுக்கு அவரைக் கூப்பிடவில்லை. கறுப்பு வெள்ளை வளையலும் அரைஞாணும் தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். மனைவி அவற்றைப் பிள்ளைக்குப் போடவில்லை, வீசவும் இல்லை. ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

ஒரு நாள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே, தனக்குத் தானே பேசுவது போல் கேட்டாள்:

"ஏங்க, எங்க அம்மா எங்க நாலு பேருக்கும் கரிச்சட்டி வச்சுத்தானே வளத்தாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல்ல?"

எனக்குப் பதில் தெரியும். "அது அதிர்ஷ்டம்" என்றேன். அவள் தலையாட்டினாள். விஞ்ஞான மாஸ்டர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

பிள்ளை எல்லாவற்றிலும் பிந்தினாள். கழுத்து நிற்கப் பிந்தியது, உட்காரப் பிந்தியது, எழுந்து நிற்கப் பிந்தியது. மாதம் குறைந்து பிறந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும், பொறுங்கள் என்கிறார்கள் கிளினிக்கில். அந்த மத்தியானத்தால் ஏதும் ஆகியிருக்குமா என்று கேட்டால், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வளர வளரத்தான் தெரியும் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு டாக்டர் இருப்பார். பிறந்த பிறகு ஏதாவது நடந்ததா என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் மனைவி முந்திக்கொண்டு, "எங்க அம்மா கரிச்சட்டி வச்சாங்க" என்பாள். டாக்டர் எழுதிக்கொள்வார். பேனா ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பிள்ளையின் சொக்ஸைச் சரி செய்வேன்.

இந்த வருடம் வெப்பப் பாடம் வந்தது. கரும்பலகையில் வழக்கமான கணக்கை எழுதினேன். காற்றுப் புகாத அறை ஒன்றிலுள்ள காற்றை இத்தனை பாகை உயர்த்த வேண்டிய வலு யாது? முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்:

"சேர், உள்ள ஆள் யாரும் இருக்காங்களா?"

வகுப்பு சிரித்தது. அவள் விடவில்லை. "இல்ல சேர், ஆள் இருந்தா அவங்க உடம்புச் சூடும் சேருமே, அதான் கேட்டேன்."

நல்ல கேள்வி. பாராட்ட வேண்டிய கேள்வி. நான் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வகுப்பை விட்டு வெளியே வந்து மைதானத்தில் நின்றேன். பனிமூட்டத்தில் எதிர்மலை தெரியவில்லை. போதும் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை மனைவியிடம் பண்டாரவளைக்கு ஒரு வேலை என்று சொல்லிவிட்டு, பண்டாரவளையும் அப்புத்தளையும் தாண்டிக் கொஸ்லந்தைக்குப் போனேன். மாமியார் பீலியடியில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"புள்ளைக்கு என்னாச்சி மாப்பிள?"

"ஒண்ணும் இல்ல மாமி. நல்லாருக்கா. உங்கள பாக்கத்தான் வந்தேன்."

வீட்டுக்குள் உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது ஒழுங்குபடுத்தி வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "மாமி, தகரத்துக்குக் கீழ சந்தெல்லாம் நான் அடச்சேனே..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் மாப்பிள. சட்டியோட உள்ள வரக்குள்ளயே பாத்தேன். எங்க காம்பராவுல எல்லாம் கை நொழையிற சந்து இருக்கும். காத்து அதுல போகும், வரும். இங்க எல்லாம் வெள்ளையா அடச்சிருந்திச்சு. வாசல்லயே ஒரு நிமிசம் நின்னேன். நமக்கு என்னா தெரியும், மாப்பிள அடச்சிருக்காருன்னா கணக்குப் போட்டுப் பாத்துத்தானே அடச்சிருப்பாரு, அப்பிடின்னு நெனச்சுக்கிட்டுச் சட்டிய வச்சேன்."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நீங்க புகை வேணாம்னு சொன்னீங்கல்ல?" என்று அவர் தொடர்ந்தார். "அதுக்காகப் பின்னுக்கு மழையில நின்னு ஊதி ஊதி, ஒரு பொட்டுப் புகை இல்லாம ஆன பொறகுதான் உள்ள கொண்டு போனேன். அப்பவும் ஏன் இப்பிடி ஆச்சின்னு இன்னும் எனக்கு வெளங்கல்ல மாப்பிள."

அப்போதுதான் விளக்கினேன். பதினாறு மாதம் பிந்தி, கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவைப் பற்றி, அதற்குப் புகையும் இல்லை மணமும் இல்லை என்பதைப் பற்றி, அந்தச் சந்து அவருடைய நாலு பிள்ளைகளையும் எப்படிக் காப்பாற்றியது என்பதைப் பற்றி. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தடவை கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. திருப்பிச் சரியாகச் சொன்னார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வேகம் கிடையாது.

"மாமி, நீங்க ஆஸ்பத்திரியில ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"என்னத்த சொல்றது? சட்டிய வச்சது நான்தானே."

பிறகு, "மகளுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்ல. இன்னிக்குச் சொல்லப் போறேன்."

"வேணாம் மாப்பிள." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "என் கூட கோவம்னா உங்க கூட இருக்கா. உங்க கூடவும் கோவம்னா அவ எங்க போவா?"

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். அவர் சொன்னது எனக்கு வசதியான யோசனை. ஏற்றுக்கொண்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். அவர் அதைத் தன் மகளுக்காகச் சொன்னார், நான் அதை எனக்காக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்பதும் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துப் படியேறும்வரை முடிவு செய்யவில்லை.

மனைவி முன்காம்பராவில் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றாமலே சொன்னேன். எங்கே போய் வருகிறேன் என்று சொன்னேன். சந்துகளை அடைத்திராவிட்டால் அந்தச் சட்டியால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். அடைத்ததைப் பிடுங்கிப் புதைத்ததைச் சொன்னேன். "நீ ஒரு நாள் கேட்டியே, உங்க நாலு பேருக்கும் ஏன் ஒண்ணும் ஆகல்லன்னு. அதிர்ஷ்டம்னு சொன்னது பொய். எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

அவள் ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிள்ளை வாயைத் திறந்து காத்திருந்தாள். அந்த வாய்ச் சோற்றை ஊட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்கிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு பின்காம்பராவுக்குப் போனாள். வாசலில் நின்று திரும்பி, "நீங்க வராதீங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வெளியே நின்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல, மணி அடிப்பது சந்து வழியே கேட்டது. இரண்டாவது மணிக்குள்ளேயே எடுத்துவிட்டார். "யாரு, மகளா? என்னடி? புள்ளைக்கு ஏதுமா?" என்று மாமியாரின் குரல் பதறியது. மனைவி "அம்மா" என்றாள், மறுபடியும் "அம்மா" என்றாள், பிறகு அழுகைதான். அங்கிருந்து, "மாப்பிள சொல்லிட்டாரா?" என்று கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சத்தமில்லை.

பிள்ளைக்கு அந்தச் சத்தமில்லாமை பிடிக்கவில்லை போல. தனக்குத் தெரிந்த நாலைந்து சொல்லில் ஒன்றைச் சொன்னாள். "ஆத்தா" என்றாள். பாட்டியை எங்கள் பக்கம் கூப்பிடும் அந்தச் சொல்லை லயத்தில் யாரிடமோ கேட்டுப் பழகியிருந்தாள். பேத்தி பேசி மாமியார் கேட்டது அதுவே முதல் தடவை.